காலாவதி நாள்

பாக்கியவதி முப்பத்துநாலு வருஷம் ஆஸ்பத்திரி நர்ஸ். அங்கே எந்த மருந்தைப் பிரித்தாலும் மேலே தேதி எழுதி ஒட்டியாக வேண்டும். அந்தப் பழக்கம் வீட்டுக்கும் தொற்றிவிட்டது. தாயில்பட்டியில் தன் சம்பளத்திலேயே கட்டிய வீட்டில் மோட்டாரோ குழாயோ, எது வந்தாலும் மாட்டிய நாளை எழுதி ஒட்டிவிடுவாள். ஒட்டியதெல்லாம் தம்பி சுந்தர்ராஜ் சிவகாசி அச்சகத்தில் கழித்துப் போட்டதிலிருந்து கொண்டுவந்த சித்த மருந்து லேபிள்கள். சும்மா கிடைத்ததை விடுவானேன்? அதில் என்ன அச்சடித்திருக்கிறது என்று மட்டும் அவள் ஒருநாளும் வாசித்ததில்லை.

மகள் கிருபாவோடு போய் இருப்பதற்காக இப்போது வீட்டை விற்கிறாள். இடித்துவிட்டு குடோன் கட்ட ஒருவர் ஒற்றைக்காலில் நிற்கிறார். இவளுக்கோ மனுஷர் குடியிருக்க வேண்டும். அப்படித்தான் பலசரக்குக் கடை பீர் முகைதீனும் மனைவி அக்தர் பேகமும் பார்க்க வந்தார்கள்.

மோட்டாரருகே குனிந்த பாயின் முகம் சுருங்கியது. மெயின் பெட்டியைத் திறந்து பார்த்தார். பிறகு மனைவியிடம் மெல்லச் சொன்னார்.

“கெளம்பு. இங்கன எல்லாமே காலாவதி.”

பாக்கியவதிக்குச் சுருக்கென்றது. “என்ன பாய் இப்பிடிச் சொல்றீக?”

“நீங்களே எளுதி ஒட்டியிருக்கீகளே நர்சம்மா! மோட்டாரு ரெண்டாயிரத்துப் பதினொண்ணுலயே முடிஞ்சுபோச்சு. வயரு அதுக்கும் முன்னால.”

கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தாள். பொடி எழுத்தில் ‘காலாவதி நாள்’. அதன் கீழே அவளுடைய முத்து முத்தான கையெழுத்து.

“ஏசப்பா! அது மாட்டுன நாளு பாய்!” சிரிப்பை அடக்க முடியாமல் சுவிட்சைத் தட்டினாள். மாடித் தொட்டியில் தண்ணீர் கொட்டியது.

“அப்ப இன்னும் எம்புட்டு நாளு ஓடும்க்கா?” என்றாள் அக்தர் பேகம்.

பாக்கியவதி தயங்கினாள். உள்ளதைச் சொன்னால் இவர்களும் போய்விடலாம். அப்புறம் குடோன்காரர்தான் கதி. ஆனால் நோயாளிகளிடமே பொய் சொல்லாத வாய் அது.

“மோட்டாரு ரெண்டு வருசம் வந்தாப் பெருசு. வயரை இப்பமே மாத்திருங்க. மாடித் தளத்துல பதிச்ச தட்டோடு அடுத்த மழைக்கு ஒளுகும். செவரும் தேக்கு நெலையும் உங்க பேரன் காலத்துக்கும் நிக்கும். ஒவ்வொரு கல்லும் நான் பக்கத்துல நின்னு வச்சதாக்கும்.”

கடைசியில் குரல் உயர்ந்துவிட்டது. உயரட்டுமே, உண்மைதானே.

பாய் மெயின் பெட்டியை மூடினார். “பத்து வீடு பாத்துட்டேன் நர்சம்மா. எல்லாரும் எல்லாம் புதுசுன்னுதான் சொன்னாக. எது கெடும்னு சொன்ன மொத ஆளு நீங்கதான். இந்த வீடு எங்களுக்குத்தான்.”

பாக்கியவதி நெஞ்சு நிமிர்ந்து நின்றாள். அதற்குள் அடுப்படிக்குப் போய்விட்ட அக்தர் பேகம் அங்கிருந்தே சத்தம் கொடுத்தாள்.

“அக்கா, போறப்ப இந்த அலமாரியக் களட்டிக்கிட்டுப் போயிராதீக!”