கூழ் குடித்த குரங்கு

வியாழக்கிழமைக் கூட்டத்தில் இருந்தவர்கள்:

டாக்டர் ஸ்ரீதரன், ஆய்வுத் திட்டத்தின் தலைவர்.
என்சிக் ஹாலிம், வனவிலங்கு அதிகாரி. கையெழுத்துப் போடும் அதிகாரம் இவர் ஒருவருக்குத்தான்.
நிர்மலாதேவி, விலங்கு மருத்துவர். ஆய்வின் பாதி வேலை இவளுடையது.
ஜெயபாலன், கூண்டுகளைக் கவனிப்பவர். நாற்காலி இருந்தும் உட்காரவில்லை, வாசலிலேயே நின்றார்.

பக்கத்துக் கொட்டகையில் மூன்று குரங்குகள் இருந்தன. ஒரு தாய், இரண்டு மகள்கள். அந்த மகள்களைக் கொல்வதா வேண்டாமா என்பதுதான் பேச வேண்டிய விஷயம்.

மலேசியாவில், சிம்பாங் ரெங்கம் பக்கத்தில் ஒரு செம்பனைத் தோட்டம். தொழிலாளர் வீடுகள் இருந்த லயத்தின் குப்பையைக் கிளறிப் பிழைத்த குரங்குக் கூட்டத்தில் இரத்தபேதி பரவியது. அந்தக் கிருமி மனிதனிடமிருந்து குரங்குக்குப் போகும், குரங்கிடமிருந்து மனிதனுக்குத் திரும்பி வரும். லயத்தில் ஒரு பெண் குழந்தை ஆஸ்பத்திரியில் கிடந்து பிழைத்தது. குரங்குகளில் பெரும்பாலானவை பிழைக்கவில்லை. மிஞ்சிய மூன்றைப் பிடித்துவந்து தோட்டத்துப் பழைய மருந்தகத்துக் கொட்டகையில் அடைத்தார்கள்.

அவற்றில் தாய் மட்டும் குணமானது. மகள்கள் மெலிந்துகொண்டே போயின, கிருமியும் போகவில்லை.

ஏன் தாய் மட்டும்? நிர்மலாவிடம் பதில் இருந்தது. உடம்புக்குள் நுழைந்த கிருமியின் துண்டைத் தூக்கிப் பிடித்து, இதோ எதிரி என்று காவல் அணுக்களுக்குக் காட்டும் மரபணுக்கள் உண்டு. எல்லாக் குரங்குக்கும் அவை ஒன்றுபோல் இருக்காது. தாயிடம் அரிதான ஒரு வகை இருந்தது. அதன் குடலில், மற்ற குரங்குகளிடம் இல்லாத ஒரு பாக்டீரியா மண்டிக் கிடந்தது. அந்த மரபணு இந்தப் பாக்டீரியாவுக்கு இடம் கொடுக்கிறது, பாக்டீரியா பேதிக் கிருமியை விரட்டுகிறது என்று அவள் எழுதினாள். மகள்களிடமும் அதே மரபணு இருந்தது. அவற்றின் குடலுக்கு இன்னும் வயது வரவில்லை, நாள் கொடுத்தால் தேறிவிடும் என்று ஹாலிமிடம் சொல்லித் தவணை வாங்கியிருந்தாள்.

அந்தப் பாக்டீரியா புளித்த மாவில் சாதாரணமாக வாழும் இனம். அந்தப் பெயரைப் பார்த்த அன்றே அவளுக்கு நெருடியது. காட்டில் புளித்த பழம் எதையாவது தின்றிருக்கும் என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். ஆசைப்பட்ட விடை கைக்கு வந்த பிறகு அதைக் கிள்ளிப் பார்க்க யாருக்கும் மனம் வராது.

கூட்டத்துக்குச் சற்று முன்னால் மாதிரி எடுக்கக் கொட்டகைக்குப் போனாள். ஜெயபாலன் கையில் ஒரு பிளாஸ்டிக் கோப்பை. தாய்க்குரங்கு கம்பி வழியாக வாயை நீட்டி அதை உறிஞ்சிக்கொண்டிருந்தது.

"அண்ணே, என்ன அது?"

"கூழு, டாக்டர். உங்களுக்கும் வேணுமா? மலர் காச்சுனது." மலர் அவருடைய மனைவி. "காலையில ஒரு கோப்பை இல்லன்னா கிழவி மொறைக்குது லா. எங்க மாமியா தோத்தாங்க."

"எவ்வளவு நாளா குடுக்கிறீங்க?"

"ஆடி பொறந்ததுலேருந்து. மலருக்கு வேண்டுதல், மாசம் பூரா ஊத்துறா. நோயில கெடக்குற ஜீவனுக்கு இல்லன்னு சொன்னா அம்மன் சும்மா விடுமா?"

கேழ்வரகு மாவை இரவெல்லாம் புளிக்கவைத்துக் காய்ச்சி, மோர் ஊற்றி, சின்ன வெங்காயம் போட்ட கூழ். நிர்மலா மாதிரிக் குப்பியைக் கீழே வைத்தாள்.

"வெளிச் சாப்பாடு எதுவும் குடுக்கக்கூடாதுன்னு சொன்னேனே அண்ணே."

"சாப்பாடா?" அவர் உண்மையிலேயே புண்பட்டார். "இது அம்மனுக்குப் படைச்சது, டாக்டர். சாப்பாடுன்னா ஒரு பருக்கை குடுத்திருப்பேனா? என் பிஸ்கட்டைக்கூட கார்லதான் வச்சிருக்கேன்."

"பிள்ளைங்களுக்கு?"

"அதுங்க எங்க குடிக்குது! கோப்பையத் தட்டி என் சட்டையில ஊத்திடுச்சுங்க. சிங்கப்பூர் போய்வர்ற பிள்ளைங்க மாதிரி, கூழுன்னா மூஞ்சியத் திருப்புதுங்க."

அவர் சிரித்தார். அவளால் முடியவில்லை. தாயின் குடலில் இருந்தது மலரின் பானையிலிருந்து வந்தது. மரபணுவுக்கும் அதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லாமல் இருக்கலாம். மகள்களைக் காப்பாற்றி வைத்திருந்த ஒரே வாதம் போய்விட்டது.

நடைவழியில் ஸ்ரீதரனை நிறுத்திச் சொன்னாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"யாருக்குத் தெரியும்?"

"ஜெயபாலண்ணனுக்கும் எனக்கும்."

"அவனுக்கு என்ன தெரியும், கூழ் குடுத்தது தெரியும். நீ வாயைத் திறக்காத. ரெண்டு உயிரும் பிழைக்கும், நம்ம வேலையும் பிழைக்கும்."

"கூலாய் பக்கம் இன்னொரு குரங்குக் கூட்டத்தைப் பிடிச்சு வச்சிருக்காங்களே சார். அடுத்த மாசம் இந்த மரபணுவ வச்சுத்தானே பிரிக்கப் போறோம்? இருக்கிறதுக்குத் தவணை, இல்லாததுக்குக் கொல்ற ஊசி."

"அது அடுத்த மாசம்."

"பொய்ய வச்சுப் பிரிப்போம்."

"பொய்யின்னு உனக்குத் தெரியுமா? தெரியாது. உண்மையின்னும் தெரியாது." குரலைத் தாழ்த்தினார். "இருபது வருஷம் ஆராய்ச்சி பண்ணிட்டு, கடைசியில ஒரு மலாய் அதிகாரி முன்னால கோயில் கூழப் பத்திப் பேசணுமா நான்? அலமாக், என்ன கொடுமை, நிர்மலா."

கூட்டம் தொடங்கியது. ஸ்ரீதரன் மரபணுவைப் பற்றி அழகாகப் பேசினார். ஹாலிம் தலையாட்டிக் கேட்டார், பேனாவைக்கூடத் திறந்துவிட்டார். தவணையை நீட்டும் தாள் அவர் முன்னால் இருந்தது. நிர்மலா வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும்.

அவள் மலாயில் பேசினாள், சுருக்கமாக. தாய்க்குரங்குக்கு மூன்று வாரமாகக் கூழ் போயிருக்கிறது, அந்தப் பாக்டீரியா கூழில் இருப்பது, என் முடிவை நம்ப வேண்டாம்.

ஹாலிம் சிரிக்கவில்லை. "கஞ்சியா? எங்க பள்ளிவாசல்லயும் நோன்புக்கு ஊத்துவாங்க," என்றார். பிறகு கேட்டார்: "அப்போ கஞ்சிதான் அதைக் குணமாக்குச்சா?"

"தெரியாது. ஒரே ஒரு குரங்கு. தானாகவும் தேறியிருக்கலாம்."

"மரபணு?"

"அதுவும் தெரியாது. ஒரு மாசம் குடுங்க. மகள்களுக்குக் குழாய் வழியா அதே கூழைக் குடுத்துப் பார்க்கிறேன். கூலாய்க் கூட்டத்துலயும் மரபணு பார்க்காம பாதிக்குக் குடுத்துப் பார்க்கலாம்."

ஹாலிம் நெற்றியைத் தேய்த்தார். "டாக்டர், போன தடவை மரபணுன்னு கேட்டீங்க, குடுத்தேன். இன்னைக்குக் கஞ்சின்னு கேக்கிறீங்க. இந்த ரெண்டுகிட்டயும் கிருமி இன்னும் இருக்கு. லயத்துல அந்தப் பிள்ளையோட அம்மா என்னைப் பார்க்கிறப்பல்லாம், இதுங்களை இன்னும் ஏன் வச்சிருக்கீங்கன்னு கேக்குது. நான் என்ன சொல்ல?"

ஹாலிம் தவணைத் தாளை ஒதுக்கி வைத்தார்.

"கூலாய்ல யாரையும் மரபணு பார்த்துப் பிரிக்க வேண்டாம்னு எழுதிடறேன். அதுங்களுக்கு நீங்க சொன்ன மாதிரி பார்க்கலாம். தாய்க்கு இன்னொரு சோதனை எடுத்துட்டு வெளியே விட்டுடுங்க. இந்த ரெண்டும் முடியாது. மாஃப்லா, மன்னிச்சிருங்க டாக்டர்."

வேறு தாளை எடுத்துக் கையெழுத்துப் போட்டார். ஸ்ரீதரன் அவளைப் பார்க்காமல் மடிக்கணினியை மூடி, ஜொகூர் பாருவில் வேலை இருப்பதாகச் சொல்லிவிட்டுப் போனார். அவருடைய கார் சரளைக் கல்லை நெரித்துக்கொண்டு வெளியேறும் சத்தம் கேட்டது.

ஜெயபாலனுக்கு மலாய் நன்றாகவே தெரியும். வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டிருந்தார்.

"நான் குடுத்ததாலயா, டாக்டர்?"

"அதுங்க சாகப்போறது கிருமியால. உங்களால இல்ல."

"கிழவி பொழைச்சது?"

"எனக்குத் தெரியல அண்ணே."

"அப்ப அதுங்களையும் பிடிச்சு ஊத்தியிருக்கணும். சட்டை போனாப் போவுதுன்னு."

இதற்கு என்ன சொன்னாலும் அது ஆறுதலுக்குச் சொன்னதாகத்தான் இருக்கும். அவள் கொட்டகைக்கு நடந்தாள்.

முதலில் தாயின் கூண்டைச் சக்கர வண்டியில் ஏற்றி, மருந்தகத்தின் மறுகோடிக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். அது கம்பியைப் பிடித்துக்கொண்டு, பின்னால் விலகிப் போகும் கொட்டகையைப் பார்த்துக் கத்தியது. மகள்கள் உள்ளிருந்து பதில் கொடுத்தன. ஜெயபாலன் முகத்தைத் துடைத்துக்கொண்டார். நிர்மலா கையுறை மாட்டினாள், மருந்தை இரண்டு ஊசியில் ஏற்றினாள். வேறு யாரிடமாவது விட்டிருக்கலாம். விட மனமில்லை. தவணை கேட்டு வாங்கியவள் அவள். அந்தத் தவணை நாளெல்லாம் அவை வயிற்றைப் பிடித்துக்கொண்டுதான் கிடந்தன.

"கூண்டைத் திறக்கும்போது வெளியில ஓடிடும். நான் கொட்டகைக்குள்ள போனதும் பூட்டிடுங்க," என்றாள். "நான் தட்டினாத்தான் திறக்கணும். என்ன சத்தம் கேட்டாலும்."

"நானும் வர்றேன், டாக்டர். என்னைப் பார்த்தா அதுங்க பயப்படாது."

"வேணாம் அண்ணே. அதுங்க பயப்படட்டும். உங்களைப் பார்த்துச் சாக வேணாம்."

அவள் உள்ளே போனாள். ஜெயபாலன் கதவைச் சாத்தினார். தாழ்ப்பாளை இழுத்தார். பூட்டை மாட்டிச் சாவியைத் திருப்பினார்.