கோத்த கையின் நடுக்கம்

தையல்காரி தன் நெஞ்சுப் படபடப்பையும் கை நடுக்கத்தையும், அதற்கு மாத்திரை போடுவதையும் நாத்தனாரிடம் மட்டும்தான் சொல்லியிருந்தாள். "யார் காதுக்கும் போகக் கூடாது அண்ணி" என்று கெஞ்சியும் இருந்தாள். அந்த மகராசியோ ஜெபக் கூட்டத்தில், எல்லோரும் கைகோத்து நிற்கும்போது, தண்டோரா போட்டுவிட்டாள்.

"ஆண்டவரே, என் தம்பி பொண்டாட்டிக்கு ஊசியில நூல் கோக்கக்கூட கை நடுங்குது. மாத்திரையை நம்புறா, உம்மை நம்பல. அந்த அவிசுவாசத்தை மன்னியும்!"

நாலாபக்கமும் ஆமென் பறந்தது. மாத்திரையை வாயில் போடுமுன் அவள் முழங்காலில் நிற்பது அந்த ஆண்டவருக்கு மட்டும்தான் தெரியும். பற்றிக்கொண்டு வந்தது அவளுக்கு. கையை உதறிவிட்டுக் கிளம்பப் பார்த்தவள் அப்படியே நின்றாள். நாத்தனாரோடு கோத்திருந்த கை வெடவெடத்தது. அந்த நடுக்கம் தையல்காரியுடையது அல்ல. நடுக்கத்தோடு வருஷக்கணக்காகக் குடித்தனம் நடத்துகிறவளுக்கு இதுகூடவா தெரியாது?

அடுத்து ஜெபிக்க வேண்டியவள் அவள்தான்.

"ஆண்டவரே, இப்ப என் கை நடுங்கல. அண்ணி கைதான் நடுங்குது. எனக்கு வச்சிருக்கிற சமாதானத்துல பாதியை அவங்களுக்குக் கொடுத்துடும்."

நாத்தனார் கையை வெடுக்கென்று இழுத்தாள். தையல்காரி விடவில்லை.

"ஆமென் சொல்லுங்க அண்ணி."