முந்திப் போகும் கை

உதயராஜ் கேகாலைப் பக்கத்து ரப்பர் தோட்டமொன்றில் பால் வெட்டுகிறவர். தோட்டத் தொழிலாளர் சங்கத்துத் தலைவரும் அவர்தான். தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் யாருக்குள் சண்டை வந்தாலும் அவரைக் கூப்பிடுவார்கள். இரண்டு பக்கத்தையும் கேட்டுவிட்டு, கொஞ்ச நேரம் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றுதான் பேசுவார். அவர் குரல் உயர்ந்து யாரும் கேட்டதில்லை. அப்படிப்பட்டவருக்கு வாழ்க்கைப்பட்டதில் புஷ்பவதிக்கு உள்ளூரப் பெருமை உண்டு.

தொண்ணூற்றொன்பதாம் வருஷத்து மழைக்காற்றில் ரப்பர் கிளையொன்று முறிந்து அவர் நெற்றியில் விழுந்தது. பெரிய ஆஸ்பத்திரியில் வெகுநாள் கிடந்து, தன் காலாலேயே நடந்து வீட்டுக்குள் வந்தார். பேச்சு சரியாக இருந்தது. பழைய கதையெல்லாம் ஞாபகம் இருந்தது. புஷ்பவதி கோயிலில் தேங்காய் உடைத்தாள்.

பக்கத்து வீட்டுக் கருப்பாயி மகளுடைய சடங்கில்தான் விஷயம் வெளியே வந்தது. பந்தியில் உட்கார்ந்த உதயராஜ், அடுத்த இலையிலிருந்த வடையை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். பிறகு, சாம்பாரில் உப்பே இல்லை என்று பந்தி முழுக்கக் கேட்கும்படி சத்தமாகச் சொன்னார். சிலர் சிரித்தார்கள். அவர் குடித்திருப்பதாக யாரோ சொன்னது புஷ்பவதி காதில் விழுந்தது. முந்தானையால் முகத்தைத் துடைப்பதுபோல மூடிக்கொண்டாள். வீட்டுக்கு வந்ததும் அவர் சுவரைப் பார்த்து உட்கார்ந்து அழுதார்.

"தெரியுது புஷ்பா. எடுத்த பொறகுதான் தெரியுது" என்றார்.

அவள் நம்பவில்லை. தெரிந்தால் ஏன் செய்ய வேண்டும்?

கேகாலை கிளினிக்கில் டாக்டர் அதைச் சிங்களத்தில் நிதானமாக விளக்கினார். கண்ணில் பட்டதை எடுக்கவும் மனதில் பட்டதைச் சொல்லவும் எல்லாருக்கும்தான் உந்துகிறது. நெற்றிக்குப் பின்னால் இருக்கிற மூளைதான் 'வேண்டாம்' என்று பிடித்து நிறுத்துகிறது. இவருக்கு அடிபட்டது அந்த இடம். புத்தி கெடவில்லை, பைத்தியமும் இல்லை. நிறுத்துவதற்குள் கை முந்திவிடுகிறது. முழுதாகச் சரியாகும் என்று சொல்ல முடியாது, பக்கத்தில் இருக்கிறவர்கள் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றார். புஷ்பவதி எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள்.

அன்று திரும்பி வரும் வழியில் ஆமி செக் பொயின்டில் பஸ்ஸை நிறுத்தி எல்லாரையும் இறக்கினார்கள். வரிசையில் உதயராஜ் முன்னால் நின்றார். புஷ்பவதிக்கும் அவருக்கும் நடுவில் நாலைந்து பேர். ஆமிக்காரன் அடையாள அட்டையைக் குனிந்து பார்த்தபோது, உதயராஜ் அவன் தொப்பியை எடுத்துத் தன் தலையில் வைத்துக்கொண்டார்.

ஆமிக்காரன் துள்ளிப் பின்வாங்கித் துவக்கை அவர் நெஞ்சுக்கு நேரே நீட்டினான். இன்னொருவன் ஓடிவந்து உதயராஜை முழங்காலில் உட்கார வைத்தான்.

"மேயா எக்க ஆவே கவுத?" என்று கத்தினான். இந்த ஆளோடு வந்தது யார்?

புஷ்பவதிக்குச் சிங்களம் தண்ணீர் பட்ட பாடு. டாக்டர் சொன்னதைத் திருப்பிச் சொன்னாலே போதும். ஆனால் பஸ் சனம் முழுக்கப் பார்த்துக்கொண்டு நின்றது. அவள் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவன் மறுபடியும் கேட்டான். அப்போதும் அவள் வாய் திறக்கவில்லை.

அதே பஸ்ஸில் வந்த, கடைவீதியில் துணி விற்கும் ஸுபைதாதான் கடைசியில் பேசினார். அவர் இவர்களை அறிந்தவர். தலையில் அடிபட்ட மனிதர், பொண்டாட்டி இதோ நிற்கிறாள் என்று கையைக் காட்டினார். கிளினிக் துண்டுச் சீட்டையும் நெற்றித் தழும்பையும் பார்த்த பிறகு விட்டார்கள். பஸ்ஸில் ஸுபைதா அவளை ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை என்றிருந்தது.

லயத்துக்கு வந்ததும், பீலியடியில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தவர்களிடம் உதயராஜ் சொன்னார்: "ஆமிக்காரன் கேட்டான். இவ என்னையத் தெரியாத மாதிரி நின்னா."

கோபமாகச் சொல்லவில்லை. சொன்ன மறுநிமிஷமே உதட்டைக் கையால் பொத்திக்கொண்டார். புஷ்பவதி இல்லை என்று சொல்லிவிட்டால் எல்லாரும் அவளைத்தான் நம்புவார்கள். அவர் பேச்சை இப்போது யார் எடுக்கிறார்கள்?

"நெசந்தான்" என்றாள் புஷ்பவதி. "வெக்கமா இருந்துச்சு. பேசாம நின்னுட்டேன்."

கருப்பாயி நிரம்பி வழிந்த குடத்தைத் தூக்கி நகர்த்தினாள். புஷ்பவதி அன்று தண்ணீர் பிடிக்காமலே உள்ளே போய்விட்டாள்.

அடுத்த கிளினிக்குக்குப் போகும்போது அதே செக் பொயின்டில் அவரோடு சேர்ந்தே இறங்கினாள். அவர் மணிக்கட்டைப் பிடித்திருந்தாள். வேறொரு ஆமிக்காரன். அவன் மார்பில் தொங்கிய விசிலைக் கண்டதும் அவர் கை இழுத்தது. அவள் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, அவன் கேட்கும் முன்பே சொன்னாள்.

"மே மகே மஹத்தயா, சேர்." இது என் புருஷன். தலையில் அடிபட்டவர், கை தன்னால் நீளும், மன்னிக்க வேண்டும் என்று சிங்களத்தில் தொடர்ந்தாள்.

பின்னால் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். காதுமடல் வரைக்கும் அவளுக்குச் சுட்டது. ஆமிக்காரன் விசிலைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு, போகலாம் என்று கையசைத்தான்.

பஸ்ஸில் ஏறியதும் அவரை ஜன்னல் ஓரமாக உட்கார வைத்துவிட்டு அவள் வழியை அடைத்து உட்கார்ந்தாள். முன்சீட்டுப் பெண்ணின் கொண்டைப் பூவுக்கு அவர் கை எழுந்தது. பையிலிருந்த பிஸ்கட் பொட்டலத்தை எடுத்து அந்தக் கையில் வைத்தாள்.