முதுகு நிமிர்த்தும் வைத்தியர்

ஊரில் உள்ள முதுகுகளையெல்லாம் நிமிர்த்தி வைத்த பிசியோதெரபிஸ்டுக்குச் சொந்த மகளின் முதுகு மட்டும் பிடி கொடுக்கவில்லை. பதின்மூன்று வயதில் பெண் கிடுகிடுவென்று வளர்ந்துவிட்டாள். முகத்தில் பரு வந்தது, சட்டைக் கை முழங்கைப் பக்கம் ஏறியது, கூடவே ஒரு கூனும் வந்து சேர்ந்தது. எலும்புக் கோளாறாக இருந்தால் பிள்ளையின் கதி என்ன என்று அவர் பயந்துபோனார்.

எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார், ஒரு குறையும் இல்லை. அதற்காக விட்டுவிடுகிற ஆளா அவர்? காலையில் சுவரோடு ஒட்டி நிற்கும் பயிற்சி, பள்ளிக்குப் போகும்போது சட்டைக்குள் இறுக்கிக் கட்டிய பெல்ட். 'ஏம்மா குனியிற?' என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். நோயாளிகளை ஆயிரம் கேள்வி கேட்டுக் குடைகிற வாய்க்கு அது மட்டும் வரவில்லை.

ஒரு நாள் சாயங்காலம் கிளினிக் ஜன்னல் வழியாகப் பார்த்தார். மகள் தோழிகளோடு வந்துகொண்டிருந்தாள். அவர்கள் தலை அவள் தோளுக்குத்தான் எட்டியது. அவள் நன்றாகக் குனிந்து அவர்களோடு சிரித்தாள். தெருமுனையில் அவர்கள் பிரிந்து போனதுதான் தாமதம், முதுகு தானாக நிமிர்ந்துகொண்டது. வைத்தியருக்கு அசடு வழிந்தது.

உள்ளே வந்தவள் அவரைக் கண்டதும் மறுபடி குனிந்தாள்.

"பிரெண்ட்ஸ் கிண்டல் பண்றாங்களா?"

"பண்ணாம? மேல கிளைமேட் எப்படின்னு கேப்பாங்க. குனிஞ்சா சேத்துக்கிறாங்க."

"சரி, இங்க அவங்க யாரும் இல்லையே. இப்ப எதுக்குக் குனியிற?"

அவள் தரையைப் பார்த்தாள். "நிமிந்தா உங்களவிட உயரமாயிடுறேன்ப்பா. போன மாசம் மாமா அதைச் சொல்லிச் சிரிச்சப்ப உங்க மூஞ்சி ஒரு மாதிரி ஆயிடுச்சு."

தன் மானத்தைக் காப்பாற்றவா பெற்ற பிள்ளை கூன் போட்டது என்று அவருக்கு வெட்கமாக இருந்தது.

"அட பைத்தியமே, அப்பாவுக்கு அதுல ஒண்ணுமே இல்லடா. நல்லா நிமிந்து நில்லு, பாப்போம்."

அவள் தயங்கித் தயங்கி, முழுசாக நிமிர்ந்து நின்றாள். அவருடைய குதிகால்கள் அவரைக் கேட்காமலே தரையை விட்டு எழும்பின.

மகள் அதைப் பார்த்தாள். மெல்லக் குனிந்துகொண்டாள்.