துணி அறையில் ஓர் அழுகை

தையற்காரியின் பையனை வீட்டில் குண்டு என்றுதான் கூப்பிடுவார்கள். ஆசைக்குக் கூப்பிட்டதோடு சரி, நாலு மாதமாகியும் உடம்பில் சதை ஒட்டவேயில்லை. பால் குடிப்பான், வில்லாக வளைவான், தொண்டை கிழியக் கத்துவான், குடித்ததில் பாதியைக் கக்குவான். அக்கம்பக்கத்தார் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். சொல்வதற்குக் காசா பணமா?

டாக்டரம்மா அவசரப்படவில்லை. முதலில் கொஞ்சம் கொஞ்சமாகப் பால் கொடுத்து, குடித்தபின் நிமிர்த்தி வைத்திருக்கச் சொன்னார். அப்புறம் பாலைக் கெட்டியாக்கும் பொடி. இரண்டுக்கும் பையன் மசியவில்லை, எடையும் இறங்கியது. கடைசியில்தான் ஒரு மருந்தை எழுதிக் கொடுத்தார்.

"எல்லாக் குழந்தைக்கும் இதை எழுத மாட்டேன்மா. இவன் பாலைக் கண்டாலே பயப்படுறான், அதனாலதான். வயித்துல அமிலம் சுரக்கறதை இது குறைக்கும். எடைக்கு ஏத்த அளவுதான், ஒரு சொட்டு கூடக் கூடாது. சில வாரம் கொடுத்துப் பார்த்துட்டு நிறுத்திடலாம்."

மருந்து கேட்டது. குண்டு குடித்தான், தூங்கினான், தூக்கத்தில் சிரிக்கக்கூடச் செய்தான். தையற்காரிக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

அழுகை மட்டும் நிற்கவில்லை.

மெஷின் ஓடும்வரை ஒன்றும் இருக்காது. பெடலிலிருந்து காலை எடுத்தால், துணி மூட்டைகள் அடுக்கிய உள் அறையிலிருந்து வரும். அதே கத்தல், அதே விக்கல். பதறிப் போய்த் திரும்பினால், பக்கத்திலேயே தொட்டிலில் குண்டு அயர்ந்து தூங்கிக்கொண்டிருப்பான்.

"காதுக்குப் பழகிப்போச்சு, வேற என்ன?" என்றான் புருஷன். லிஃப்ட் மெக்கானிக். "எனக்கு லீவு நாள்லகூட லிஃப்ட் மணி கேக்குது."

டாக்டரம்மாவும் சிரித்தார். தாய்மாருக்கு இது சகஜம், நீ நன்றாகத் தூங்கு என்றார். அவள் தலையாட்டிவிட்டு வந்தாள். ஆனால் பயம் உள்ளேயே அரித்தது. புத்தி பேதலித்துக்கொண்டு வருகிறதோ? அப்படியானால் இந்தப் பிள்ளையை நம்பி யார் கையில் கொடுப்பது?

அன்று மதியம் அவள் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள். குண்டு பாயில் படுத்துக் காலாட்டிக்கொண்டிருந்தான். அழுகை எழுந்தது. காதில் வாங்கக் கூடாது என்று பல்லைக் கடித்தாள்.

குண்டு காலாட்டுவதை நிறுத்தினான். மெல்லத் தலையைத் துணி அறைப் பக்கம் திருப்பினான். இன்னொரு குழந்தை அழுதால் பச்சைப்பிள்ளைகளுக்கு உதடு பிதுங்குமே, அப்படிப் பிதுங்கியது.

அவனுக்கும் கேட்கிறது. தன் புத்தி சரியாகத்தான் இருக்கிறது என்று அவளால் சந்தோஷப்படவும் முடியவில்லை. நீங்களோ நானோ என்றால் பிள்ளையை வாரிக்கொண்டு தெருவுக்கு ஓடியிருப்போம். ஆனால் அது அவளுக்கு அத்துப்படியான கத்தல். நெஞ்செரிந்து துடிக்கிற ஒன்றை அப்படியே விட்டுவிட்டு ஓட அவளால் ஆகவில்லை.

உள்ளே போனாள். மூட்டைகளைத் தவிர யாருமில்லை. அழுகை அவள் காலடியிலேயே கேட்டது. குனிந்து, கைகளை ஏந்தி, வெறுங்காற்றைத் தூக்கித் தோளில் சாய்த்தாள்.

"அழாதடா ராஜா. இதோ சரியாப் போயிடும்."

முதுகு இருக்கவேண்டிய இடத்தில் தட்டிக்கொண்டே நடந்தாள். கத்தல் விக்கலாகி, விக்கல் மூச்சாகி அடங்கியது. காதோரம் சின்னதாக ஓர் ஏப்பம். தோள் சூடாக நனைந்தது. புளித்த பால் வாடை வீசியது.

வெளியே குண்டு பசித்துச் சிணுங்கினான்.

"வந்துட்டேன்டா," என்று குரல் கொடுத்து, தோளில் இருந்ததை இறக்கிவிடக் குனிந்தாள். அவள் கழுத்தைக் குட்டி விரல்கள் இறுக்கிப் பிடித்துக்கொண்டன.