விளிம்பில் செம்பு

பேத்தி பிறந்த முப்பத்தோராம் நாள் சடங்குக்காக, மகள் இருக்கும் பேர்கன் நகருக்குப் புறப்பட்ட ஸ்ரீஸ்கந்தராசா, பெட்டியோடு வெஸ்ட்லி அடுக்குமாடி வீட்டின் வாசலைத் தாண்டியபோது தன் சொந்தக் குசினியின் அடுப்படியில் கால் வைத்தார். மறுபடியும் கதவைத் திறந்து வெளியே போனார், மறுபடியும் குசினி. மனைவி யோகாம்பாளுக்கு ஒரு தடையும் இல்லை. லிஃப்டைப் பிடித்தபடி நின்று பார்த்தவள், விமானத்துக்கு நேரமாகவே தனியே போனாள். கட்டட நிர்வாகத்திலிருந்து வந்தவர் கதவைக் கழற்றி மாட்டிப் பார்த்துவிட்டு, கதவில் பிழையில்லை என்றார்.

பிழை காசில் இருந்தது. மகள் ராகவியின் பிரசவம் சிக்கலாகலாம் என்று வைத்தியர்கள் சொன்னபோது, யோகாம்பாள் முருகனுக்கு வெள்ளிக்காசு நேர்ந்து, மஞ்சள் துணியில் முடிந்து சாமியறையில் வைத்தாள். அமெரிக்காவிலிருந்து தமையன் கொண்டுவந்து கொடுத்த 1964ஆம் ஆண்டுக் கால் டொலர் அது. அந்த ஆண்டுக் காசுவரை பத்தில் ஒன்பது பங்கு வெள்ளி, ஒரு பங்கு செம்பு. அதற்குப் பிந்தியதில் வெள்ளியே கிடையாது. விளிம்பில் செம்பு கோடாய்த் தெரியும். மற்றபடி முகமும் பருமனும் ஒன்றுதான். வெள்ளி விலை ஏறிக்கொண்டிருந்த நேரம். முருகன் விளிம்பையா பார்க்கப்போகிறார் என்று ஸ்ரீஸ்கந்தராசா முடிச்சை அவிழ்த்து, 1967ஆம் ஆண்டுக் காசை வைத்துக் கட்டிவிட்டு, வெள்ளியை உருக்கக் கொடுத்துவிட்டார். புத்தி கெட்ட வேலைதான். பிள்ளை சுகமாய்ப் பிறந்தது. பேர்கனுக்குப் புறப்பட்ட அன்று காலைதான் யோகாம்பாள் முடிச்சைக் கோயிலுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்திருந்தாள்.

அவள் திரும்பி வந்ததும் அவர் உண்மையைச் சொன்னார்.

"ரெண்டிலயும் அதே தலைதானேயப்பா கிடக்குது."

"முருகனையே பேய்க்காட்டிப்போட்டியளோ?" என்றவள் தை மாதம் வரை அவரோடு கதைக்கவில்லை.

குளிர்காலம் முழுக்க அவர் ஜன்னலடியில் நின்று, கடைசித் தரிப்பிடத்துக்கு வரும் மெட்ரோ ரயில் திரும்பிப் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். பேத்தி போனுக்குள்ளேயே குப்புறப் புரண்டாள், தவழ்ந்தாள், அவளுக்குப் பல்லும் முளைத்தது. ஒருமுறையாவது தூக்கிவிட வேண்டும் என்று அவர் குசினியில் நின்று அழுதார். ஏழாம் மாடியில் இருந்த சென்னைக்காரர் ரங்கராஜன், வேலை விஷயமாய் அமெரிக்கா போனபோது ஒரு 1964 வாங்கிவந்தார். "இருபத்தஞ்சு சென்ட் காசுக்குப் பத்து டாலருக்கு மேல வாங்கிட்டான் சார்." மேசையில் போட்டதும் அது கணீரென்று நின்று ஒலித்தது. அந்த வெள்ளிக்கிழமையே யோகாம்பாள் அதை முடிந்து கோயில் உண்டியலில் போட்டுவிட்டு வந்தாள். ஸ்ரீஸ்கந்தராசா கதவைத் தாண்டினார். எதிரே லிஃப்ட் இருந்தது. யோகாம்பாளைக் கூப்பிட வாயைத் திறந்தார். அவர் குரல் உள்ளே குசினியிலிருந்து கேட்டது.

"பத்தில ஒன்பது பங்குதானே வெள்ளி குடுத்தனாங்கள்," என்றாள் யோகாம்பாள்.

அன்றிலிருந்து இருவரும் சேர்ந்து பயணம் போவதில்லை. குரலை வீட்டில் தனியே விட்டுவிட்டு வர அவளுக்கு மனம் வரவில்லை. அவர் மட்டும் பேர்கனுக்குப் போகிறார். பேத்தி நித்திரைக்கு அழும்போது வெஸ்ட்லிக்கு அழைப்பார். யோகாம்பாள் போனைக் குசினிப் பக்கம் நீட்டுவாள். குரல் தாலாட்டுப் பாடும். பிள்ளை அவர் தோளில் கிடந்தபடியே, போனைக் கன்னத்தோடு அணைத்துக்கொண்டு, "அம்மப்பா" என்று அதைக் கூப்பிட்டுத் தூங்கிவிடும்.