இடம் இருக்கிறதா?

ஒரு மொழியின் மானம் அதைப் பேசுகிறவரின் கையில் இருக்கிறது. ஓய்வுபெற்ற ஆணையரின் கையில் அது அன்று மதியச் சாப்பாடு வரைக்கும் பத்திரமாகத்தான் இருந்தது.

படுக்கை, அடுப்பு, கழிப்பறை எல்லாம் உள்ளேயே இருந்த அந்தக் கேரவன் வருங்காலச் சம்பந்தியுடையது. ஒரு மனிதனின் யோக்கியதை அவன் வண்டி ஓட்டுவதில் தெரிந்துவிடும் என்பது அவர் கொள்கை. அதனால்தான் ஆணையரையும் அவர் மனைவியையும் பயணத்துக்கு அழைத்து, சாவியையும் கொடுத்திருந்தார். "புது வண்டி, சம்மந்தி. இன்னும் ஒரு கீறல் விழல. உங்க பொண்ணு விஷயத்துல என் முடிவ ராத்திரி சாப்பிடறப்ப சொல்லிடறேன்" என்றார்.

ஆணையர் சாவியை வாங்கிய கையோடு சட்டமும் போட்டார். கேரவன் என்று யாரும் சொல்லக்கூடாது, மனையூர்தி. லெஃப்ட், ரைட் கிடையாது, இடம், வலம்.

பகல் முழுக்க நகரத்தைச் சுற்றினார்கள். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு போன அருங்காட்சியகத்தில் வழிகாட்டியை ஓரங்கட்டிவிட்டு ஆணையரே விளக்கினார். "வலப்பக்கம் அரியணை" என்றதும் சம்பந்தி திரும்பி வெறும் சுவரைப் பார்த்தார். "அவர் கை காட்டற பக்கம் பாருங்கண்ணா. சொல்ற பக்கம் பாக்காதீங்க" என்றாள் ஆணையரின் மனைவி.

திரும்பும்போது ஆணையர் கண்டுபிடித்த குறுக்குவழி, பூட்டிய இரும்புக் கேட்டில் போய் முட்டி நின்றது. சந்தின் வாயில் இரண்டு கல்தூண்கள். அவற்றின் நடுவே, வந்த வழியாகவே பின்னால் போக வேண்டும். வெளியே ஒரு பஸ் ஓயாமல் ஹாரன் அடித்தது.

"நான் வேணா எடுக்கட்டுமா?"

"நீங்க உக்காருங்க சம்மந்தி. ஒரு துறையையே ஓட்டினவன் நான்."

"துறைக்கு ரிவர்ஸ் உண்டா?"

ஆணையர் ரிவர்ஸ் கியரைப் போட்டார். ஒரு கீறல் விழுந்தால் மகளின் கல்யாணம் தூணிலேயே தொங்கிவிடும். மனைவி இறங்கிப் பின்னால் நின்றாள். வண்டி அங்குலம் அங்குலமாக ஊர்ந்தது.

"வாங்க... வாங்க... இடம்..."

மிச்சத்தை ஹாரன் விழுங்கியது. ஆணையர் ஸ்டியரிங்கை ஒடித்தார். பின்னால் கர்ர் என்று ஒரு சத்தம். சம்பந்தி பல்லைக் கடித்துக்கொண்டார்.

மனைவி ஜன்னலுக்கு ஓடிவந்தாள். "இடம் இல்ல, இடம் இல்லன்னு தொண்ட கிழியக் கத்தறேன். நீங்க பாட்டுக்கு வர்றீங்க."

"எனக்கு இடம்னுதான் கேட்டுச்சு. இடப்பக்கம் ஒடிச்சேன்."

"நேராதானே வந்துகிட்டிருந்தீங்க? எதுக்கு ஒடிக்கணும்?"

"கட்டளை வந்தா நிறைவேத்தணும். கட்டளைய ஒழுங்காக் குடுக்காதது யார் தப்பு?" ஆணையர் பக்கத்தில் திரும்பினார். "நீங்களே சொல்லுங்க சம்மந்தி."

"இடம்னு கேட்டா இடப்பக்கம்தான் ஒடிப்பான் மனுஷன்" என்றார் சம்பந்தி. "சொன்னதக் கேட்டு நடந்திருக்கீங்க. கீறல் போனாப் போகுது. கொணம்தானே முக்கியம்."

ஆணையருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. மனைவியைப் பார்த்து மன்னிக்கிற தோரணையில் தலையசைத்தார். ராத்திரிச் சாப்பாட்டில் பேச ஒரு சிறு ஏற்புரைகூட மனதில் ஓடியது.

சம்பந்தி இறங்கி வண்டியின் இடப்பக்கத்தை முன்னாலிருந்து கடைசி வரை கையால் தடவிப் பார்த்தார். குனிந்தும் பார்த்தார். பிறகு பின்னால் சுற்றிக்கொண்டு போனார்.

கீறல் வலது பக்கம் இருந்தது.